உதிர்ந்த முடியில் ஒரு சவுரி

என் தமக்கை சுலோச்சனாவின் தலைமேல் கை வைத்து நான் ஒரு பொய்ச் சத்தியம் செய்தேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றவற்றைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டாகும் என்று கருதுகிறேன்.

அது பங்குனி மாதம். தீர்ந்துவிட்டதாக நாங்கள் நம்பியிருந்த நோய் மீண்டும் வந்திருக்கிறது என்று காஞ்சிபுரத்து மருத்துவர் சொல்லி இரண்டு நாட்கள்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உத்திரமேரூரிலிருந்து காலைப் பேருந்தில் மாகறலுக்குப் போயிருந்தேன். அக்காள் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முதல் சிகிச்சையில் கொட்டிய முடி அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது.

"இந்த வாட்டி மாத்திரதானாம். முடி கொட்டாதாம். டாக்டர் அம்மா சொல்லிச்சி," என்றாள். பிறகு எங்கள் எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "ஒண்ணு சொல்லிடறேன். எனக்காக மொட்ட அடிக்கிறேன், தீ மிதிக்கிறேன்னு யாராச்சும் கெளம்பினீங்க, நடக்கறதே வேற. இந்த வூட்டுக்கு ஒரு மொட்ட போதும்."

அவள் கணவர் தமிழ்வாணன் மாமா தம் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "நான் அடிச்சிக்க இன்னா கீது? எனக்கு ஆண்டவனே அட்வான்சா எடுத்துக்கினாரு."

"உன்ன யாரு சொன்னா? நான் இவள சொல்றேன்." அக்காள் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "வளரு, கிட்ட வா. கைய குடு."

என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். அறுவடை முடிந்த கழனியின் தாள் போல முடி என் உள்ளங்கையில் குத்தியது.

"எனக்கோசரம் எந்தச் சாமிக்கும் எதையும் வேண்டிக்க மாட்டேன்னு சொல்லு. என் தல மேல அடிச்சிச் சொல்லு."

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"சொல்லுடி. அம்மா மொட்ட அடிச்சிக்கினு வந்து ஒம்போதாம் நாளு அப்பா போயிட்டாரு. எளவு வூட்ல அம்மா மொட்டத் தலயோட குந்திக்கினு இருந்தத நீ பாக்கல, உனக்கு அப்ப மூணு வயசு. நான் பாத்தேன். அந்தக் கோலம் உனக்கு வாணாம்."

அன்று விடியற்காலையில்தான் குளித்துவிட்டு, ஈரத் தலையுடன் முருகன் படத்தின் முன் நின்று, ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து ஆணியில் மாட்டியிருந்தேன். அடுத்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு அக்காள் உயிரோடு இருந்தால் திருத்தணிக்கு வந்து என் தலைமுடி முழுவதையும் செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டுதான் பேருந்து ஏறினேன்.

அதை அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு வசை விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால், ஒருவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசும் பழக்கம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. பள்ளியில் பிள்ளைகளைக்கூட நான் வாங்க, உட்காருங்க என்றுதான் அழைப்பேன்.

"வேண்டிக்க மாட்டேன்க்கா," என்றேன்.

அக்காள் என் கையை விட்டுவிட்டாள். பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த உள்ளங்கையை நான் எதன்மேலும் வைக்கவில்லை. தலையில் அடித்துச் செய்த சத்தியம் பொய்த்தால் அது அந்தத் தலைக்குத்தான் கேடு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் படித்தவள், தமிழில் பட்டம் பெற்றவள். ஆயினும் அந்த அச்சத்தை என்னால் விலக்க இயலவில்லை. வேண்டுதலைக் கைவிட்டால் முருகனுக்குச் செய்த வாக்குத் தவறும். வெளியே சொன்னால் சத்தியம் பொய் என்பது அவள் அறியவே உறுதியாகிவிடும். இரண்டாலும் அவளுக்குத்தான் தீங்கு. வாயைத் திறக்காமல் அடுத்த ஆண்டு ஆடி வரை நாட்களைக் கடத்திவிடுவதுதான் நல்லது என்று முடிவு செய்தேன்.

என் தலைமுடியைப் பற்றி நானே எழுதுவது முறையன்று. இருப்பினும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. பின்னி விட்டால் முழங்கால் வரை வரும். முப்பத்தைந்து வயதாகியும் திருமணம் அமையாத என்னைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்கூட முடியைப் பற்றி மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதை வளர்த்தவள் அக்காள். அப்பா இறந்த பின் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட, பதினான்கு வயதுப் பெண்ணான அவள்தான் எனக்கு எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினாள். திருமணமாகி மாகறலுக்குப் போன பிறகும், நான் அங்கே போனால் முதலில் என்னை உட்கார வைத்துச் சடையை அவிழ்த்துவிட்டுத்தான் ஊர்க்கதை பேசுவாள்.

ஆடி மாதத்தில் அவள் மகள் இந்துவுக்கு வரன் அமைந்தது. வாலாஜாபாத் மாப்பிள்ளை, அரிசி ஆலையில் மேலாளர். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். மருத்துவர் சொன்ன கெடுவை மனத்தில் வைத்துத்தான் அவ்வளவு விரைவு என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை.

அக்காளுக்கு அப்போது முடி இரண்டு விரற்கடை அளவு வளர்ந்திருந்தது. இந்து செல்பேசியில் பார்த்து ஒரு டோப்பாவை வரவழைத்திருந்தாள். நான் போன அன்று அதைத்தான் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூத்துல ராசா வேசம் கட்டினவன் மாதிரி கீறேன்டி," என்று அக்காள் கண்ணாடியைத் தள்ளிவிட்டாள். "சம்மந்தி வூட்டுக்காரங்க நான் எப்ப பாட்டுப் பாடுவேன்னு குந்திக்கினு இருப்பாங்க."

"நல்லாத்தாம்மா கீது," என்றாள் இந்து.

"உனக்கு நல்லா கீதுன்னா நீ மாட்டிக்கோ. பொண்ணு நீதான்." டோப்பாவைக் கழற்றி மகள் மடியில் போட்டாள். பிறகு என்னை உட்காரச் சொல்லி, வழக்கம்போல என் சடையை எடுத்து முன்னே போட்டு, அதன் நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். "வளரு, எனக்கு ஒரு ஆச. இதுல பாதி குடேன். வெட்டி ஒரு சவுரி பண்ணிக்கிறேன். முன்னால சின்னதா வாரி, பின்னால பட்டையா வெச்சித் தெச்சி, மேல ரெண்டு மொழம் மல்லி சுத்திட்டா ஒருத்தருக்கும் தெரியாது. என் பொண்ணு தாலி கட்டிக்கறப்ப நான் ஒரு சடையோட நிக்கணும். அவ்ளோதான்."

வேண்டிக்கொண்ட முடியில் கத்தரி படக்கூடாது. நுனி பிளந்திருந்தால்கூட வெட்டக்கூடாது. பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு மீதியை முருகனுக்குக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால், நான் முழு முடி என்றல்லவா சொல்லியிருந்தேன். அவள் உயிருக்காகச் சொன்ன சொல்லில் அவளுக்காகவே குறை வைப்பது எப்படி?

"வேணாங்க்கா," என்றேன்.

என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை. "பாதி வாணாம். ஒரு மொழம் குடு, போதும்."

"வேணாங்க்கா."

"ஏண்டி?"

கையில் சுற்றியிருந்த சடை நுனியை அவள் மெதுவாகப் பிரித்து, என் முதுகுப் பக்கம் போட்டாள்.

"சரி வுடு. உனக்குன்னு கீறது அது ஒண்ணுதான். கல்யாணம் ஆவாத பொண்ணுகிட்ட நான் கேட்டு இருக்கக் கூடாது," என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். அன்று அவள் எனக்குச் சிக்கெடுக்கவில்லை.

அந்த மாலை வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய துணிப்பையைக் கண்டேன். தலை வாரும்போது உதிரும் முடியை வெளியே வீசாமல், விரலில் சுற்றிப் பந்தாக்கி அதில் போட்டு வைப்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். வண்டியில் கூவிக்கொண்டு வருபவர் எடை போட்டு எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக எவர்சில்வர் பாத்திரம் தருவார். என் பையில் நான்கு ஆண்டுகளாக உதிர்ந்த முடி இருந்தது. வேண்டுதலுக்குப் பின் உதிர்ந்ததை மட்டும் நான் அந்தப் பையில் போடவில்லை. அதுவும் முருகனுடையதாயிற்றே என்று தனியே ஒரு காகித உறையில் சேர்த்து வந்தேன். ஆக, பையில் இருந்தது முருகனுக்கு நேர்ந்ததன்று. அது என்னுடையது. அதை நான் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

எனக்கு அப்போது உண்டான மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டிலேயே சவுரி செய்வது எப்படி என்று செல்பேசியில் தேடினேன். ஒரு பெண்மணி பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் செய்து காட்டினார். ஆனால் அவர் வைத்திருந்தது வெட்டிய முடி. உதிர்ந்த முடியின் தொல்லையே வேறு. பந்துகளை வெந்நீரில் சீயக்காய் கரைத்து ஊற வைத்து, கோணி ஊசியால் ஒவ்வோர் இழையாகப் பிரித்தேன். பிரித்து உலர்த்தி, ஆணி அடித்த பலகையில் இழுத்துச் சீவினேன். சீவி முடித்துக் கட்டிய முதல் கொத்து மறுநாள் காலையில் மீண்டும் பஞ்சாகச் சிக்கியிருந்தது.

காரணம் புரிய மூன்று நாட்கள் ஆயின. முடிக்கு வேர்ப்பக்கம், நுனிப்பக்கம் என்று உண்டு. வெட்டிய முடியில் எல்லா வேர்களும் ஒரே பக்கம் இருக்கும். உதிர்ந்த முடியில் வேரும் நுனியும் தலைமாறிக் கிடக்கும். அப்படியே சேர்த்துக் கட்டினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். எது வேர் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஓர் இழையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்தால், எப்படிப் பிடித்தாலும் அது வேர் இருக்கும் பக்கமாகவே நகரும். அப்படித் தேய்த்துத் தேய்த்து, வேர்களை எல்லாம் இடப்பக்கமாக அடுக்கினேன். பள்ளி விட்டு வந்ததிலிருந்து விளக்கு வைத்துச் சோறு வடிக்கும் வரை அதே வேலை. விரல் நுனிகளில் தோல் வழவழத்துப்போய், வகுப்பில் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதற்குக்கூடச் சிரமப்பட்டேன்.

பக்கத்து வீட்டு ராணியம்மாள் ஒருநாள் சர்க்கரை வாங்க வந்தவர் கூடத்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார்.

"இன்னா டீச்சர் இது? பார்பர் ஷாப்பு தொறந்துட்டீங்களா?"

"சவுரி செய்யறேங்க. எங்க அக்காவுக்கு."

"இத்த அப்டியே போட்டிருந்தா இட்டிலி குண்டானே குடுத்திருப்பான். நீங்க இன்னாடான்னா ஒண்ணொண்ணா எண்ணிக்கினு கீறீங்க." அருகில் உட்கார்ந்து ஓர் இழையை எடுத்து அவரும் தேய்த்துப் பார்த்தார். "அய்ய, நகருது பாரு புழுவாட்டம்!" என்று சிரித்தார். பிறகு என் முதுகில் கிடந்த சடையை ஒருமுறை பார்த்தார். சர்க்கரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுக்கிய முடியைச் சிறுசிறு பிரிகளாக எடுத்து, இரண்டு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டிய கறுப்பு நூலில் முடிச்சுப் போட்டுப் போட்டு நெய்தேன். நீளமானவற்றை உள்ளே வைத்து, குட்டையானவற்றை மேலே பரப்பினேன். நெய்ததைக் கறுப்புத் துணிப் பட்டையில் மூன்று வரிசையாகத் தைத்தேன். எண்ணெய் தொட்டு வாரிப் பின்னியபோது அது இடுப்புக்குக் கீழே வரை வந்தது. எந்தக் கடையிலும் அத்தகைய சவுரி கிடைத்திருக்காது. அதை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு திருமணத்தன்று விடியும்போதே மண்டபத்துக்குப் போனேன்.

மணமகள் அறையில் இந்துவுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அக்காள் மூலையில் பட்டுப்புடவையுடன், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிகவும் இளைத்திருந்தாள். நான் சவுரியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். ஒரு கணம்தான் என்றாலும் பார்த்தேன். "வெட்டிட்டியாடி?" என்று என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். என் சடை முழங்கால் வரை அப்படியே இருந்தது.

"இது எங்கேந்து?"

"என்னுதுதான்க்கா. வாரும்போது வுழுந்தது. சேத்து வெச்சிருந்தேன்."

அக்காள் சவுரியின் நுனியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். எத்தனையோ ஆண்டுகள் என் தலையில் புழங்கிய விரல்கள் அவை. பொய் முடியன்று என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கும்.

"தலையில கீறது உனக்கு. குப்பைக்குப் போறது எனக்கு," என்றாள். பிறகு துண்டை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். "சரி, வையி. நேரமாவுது."

அவளுடைய குட்டை முடியை எண்ணெய் தொட்டுப் பின்னால் வாரி, பட்டையைப் பொருத்தி, ஊசி குத்தி, மல்லிகைச் சரத்தைச் சுற்றினேன். மிகவும் நன்றாக அமைந்துவிட்டது. தாலி கட்டும் நேரத்தில் அவள் மகளுக்குப் பின்னால் சடையோடுதான் நின்றாள். சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருவர் எங்கள் இருவரையும் ஒருசேரப் பார்த்து, "அக்கா தங்கச்சிக்கு ஒரே வாகு முடி," என்று வியந்தார். அக்காள் சிரித்தபடியே, "ஆமாம்மா. அவளுது மேல கீது, என்னுது கீழ வுழுந்தது," என்றாள். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. நகைச்சுவை என்று நினைத்து அவரும் சிரித்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்று தாங்கள் நினைக்கக்கூடும். நானும் அன்று முதல் ஒவ்வொரு நாளும் அதையே நினைக்கிறேன். ஆனால், நாதஸ்வரம் ஒலிக்கும் மண்டபத்தில், உன் தலையில் அடித்து நான் செய்த சத்தியம் பொய் என்று ஒரு நோயாளியிடம் எப்படிச் சொல்வது? அடுத்த ஆடிக் கிருத்திகை வரட்டும். மொட்டைத் தலையுடன் அவள் எதிரில் போய் நிற்கிறேன். அப்போது எல்லாம் அவளுக்குப் புரியும். திட்டுவாள், அழுவாள், தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து என் மொட்டையில் தடவுவாள். இப்படியெல்லாம் எண்ணி என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மறுவாரம் இந்து மறுவீட்டு விருந்து முடிந்து மாகறலிலிருந்து திரும்பும் வழியில் என் வீட்டில் இறங்கி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். உள்ளே சவுரி. மல்லிகையின் காம்புகள் இரண்டு இன்னும் அதில் சிக்கியிருந்தன.

"அம்மா குடுத்துடச் சொல்லிச்சி, சித்தி. உன்னுது உன்கிட்டயே இருக்கட்டுமாம்." அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மாப்பிள்ளை வண்டியை அணைக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை காலையில் தமிழ்வாணன் மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. "வளரு, வந்துடும்மா," என்றார். நான் பணப்பையை எடுத்தேன். எதற்கென்று தெரியாமலே சவுரியையும் எடுத்துக்கொண்டேன்.

நான் போனபோது பெண்கள் அவளை உள்ளறையில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். மஞ்சள் பூசி, பட்டுப்புடவை உடுத்தி, நெற்றியில் பெரிய குங்குமம் வைத்தார்கள். சுமங்கலியாகப் போகிறவளுக்குத் தலை நிறையப் பூ வைக்க வேண்டும். இரண்டு விரற்கடை முடியில் பூ நிற்கவில்லை. சரிந்து சரிந்து விழுந்தது.

"அன்னிக்கி ஒரு சவுரி வெச்சிக்கினு இருந்துச்சே, அது எங்க?" என்று ஒரு பெண் கேட்டார்.

நான் பையிலிருந்து அதை எடுத்தேன். வாயிற்படியில் நின்றிருந்த மாமா அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "அது வாணாம்மா வளரு. அவ வாணான்னு திருப்பிக் குடுத்துட்டா. அவளுக்குப் புடிக்காதத அவ மேல வெக்காதீங்க." அவர் குரலில் கடுமை ஏதும் இல்லை. அழுது ஓய்ந்த குரல்.

சவுரியை மீண்டும் பையில் வைத்தேன். அடுத்த ஆடிக் கிருத்திகை இனி அவளுக்கு இல்லை. என் தலையில் இருப்பது இனி எந்தக் கடவுளுக்கும் நேர்ந்ததன்று. பூச்சரத்தின் நாரை நறுக்குவதற்காக வைத்திருந்த கத்தரிக்கோல் அக்காளின் காலருகே கிடந்தது. அதை எடுத்து, சடையைப் பிடரியோடு சேர்த்துப் பிடித்து வெட்டினேன். அடர்த்தியான முடி, ஒரே வெட்டில் அறுபடவில்லை. நான்கைந்து முறை வெட்ட வேண்டியிருந்தது.

"அய்யோ, இன்னா பண்றா இவ! கன்னிப் பொண்ணு, பொணத்துக்கு எதிர்ல..." என்று யாரோ கத்தினார். ஒருவர் என் கையைப் பிடித்தார். அதற்குள் சடை என் கையில் இருந்தது. அதன் தலைப்பைக் கறுப்பு நூலால் கட்டி, அக்காளின் பிடரிக்குக் கீழே வைத்து, குட்டை முடியோடு ஊசி குத்தினேன். இடத் தோள் வழியாக முன்னே எடுத்து விட்டபோது அது அவள் முழங்கால் வரை கிடந்தது. பூவை அதில் சுற்றினார்கள். இப்போது நின்றது.

அக்காளின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த இந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். புதுத்தாலியின் மஞ்சள் நிறம் மங்காத கழுத்தோடு என் அருகே நகர்ந்து வந்தாள். குட்டையாகத் தொங்கிய என் முடியின் வெட்டுண்ட நுனியைத் தொட்டாள். வசை பாடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால், மிகவும் மெல்லிய குரலில்தான் கேட்டாள்.

"இவ்ளோதானா, சித்தி? இத்த அன்னிக்கே குடுத்து இருக்கலாமே."

வீட்டில் முருகன் படத்தின் அருகே ஆணியில் தொங்கும் மஞ்சள் துணி நினைவுக்கு வந்தது. சொன்னால் இந்து நம்புவாள். நம்பினால், தலையில் அடித்து நான் செய்த பொய்ச் சத்தியம்தான் தாயைக் கொண்டுபோயிற்று என்ற நினைப்பும் அவளோடு நிற்கும்.

"ஆமாம்மா, குடுத்து இருக்கலாம்," என்றேன்.